புகார் வராத வட்டாரம்

உணவுப் பாதுகாப்புச் சட்டம் எந்த நோக்கத்திற்காகப் பிறந்ததோ அந்த நோக்கம் நிறைவேறுகிறதா என்று ஆராய்வதற்காகச் சென்ற மாதம் புதுக்கோட்டையில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். பணியில் இருப்பவர்களோடு ஓய்வு பெற்றவர்கள் சிலரையும் அழைத்திருந்தார்கள். அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அழைப்பு வந்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், அமர்ந்தேன். பேசச் சொல்வார்கள் என்று எண்ணிச் சில கருத்துகளை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பேசச் சொல்லவில்லை.

திரையில் மாவட்டத்தின் வரைபடம் தெரிந்தது. புகார் மிகுந்த பகுதிகளுக்குச் சிவப்பு, குறைந்த பகுதிகளுக்கு மஞ்சள், புகாரே வராத பகுதிகளுக்குப் பச்சை என்று நிறம் தீட்டியிருந்தார்கள். குன்றாண்டார்கோவிலுக்கு அப்பால் உள்ள சில சிற்றூர்கள் மட்டும் பயிர் விளைந்த வயல்போல ஒரே பச்சையாக இருந்தன. விளக்கிய அலுவலர் அந்த இடத்தைக் குச்சியால் தொட்டு, அது சட்டம் முழுமையாக வேரூன்றிய பகுதி என்றார். அவையோர் கைதட்டினார்கள். என் கைகள் மடியிலேயே இருந்தன.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அண்மையில் பணியேற்ற இளம் அலுவலர் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"அய்யா, அந்தப் பச்சக் கலர் ஏரியாவுல நீங்க ரொம்ப வருசம் வேல பாத்தீங்களாமே? ஒரு புகார்கூட இல்ல. எப்படிங்கய்யா பண்ணீங்க? ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போடுவோம். மத்த எடத்துலயும் அதையே செய்யலாம்ல?"

அவர் கேட்டதில் கேலி இல்லை. அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. கேட்டவருக்கு மறுமொழி சொல்வது கடமை. ஆகவே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் அதே ஊரில் வாழ்வதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை.

என் பள்ளிக்கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. சுகாதாரப் பிரிவில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் காலத்தில் உணவு ஆய்வாளர்களுக்குப் பின்னால் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்களைக் கண்டதும் பால்காரர்கள் கேனைச் சாலையில் கவிழ்த்துவிட்டு, "மாடு முட்டிருச்சுங்க" என்பார்கள். கண்ணுக்கு எட்டிய தொலைவில் மாடு இராது. பின்னர்ப் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. தனித் துறை உண்டாயிற்று. பெட்டியோடு நானும் அத்துறைக்கு மாற்றப்பட்டேன். பழைய சட்டம் குற்றவாளியைத் தேடியது, புதிய சட்டம் உண்பவரைக் காக்க வந்திருக்கிறது என்று பயிற்சி வகுப்பில் விளக்கினார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன், நம்பினேன். நூலகத்தில் கிடைத்த அதன் தமிழ் மொழிபெயர்ப்பை மாலை வேளைகளில் அகராதியின் துணையோடு வாசித்தேன். அதன் நோக்கத்தைப் பற்றி இன்றும் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, ஞானப்பிரகாசம் என்ற உணவுப் பாதுகாப்பு அலுவலரோடு கழிந்தது. ஆவூர்ப் பக்கத்தவர்; ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைவார். ஆய்வுக்குச் சென்ற ஊரில் தண்ணீர்கூட அருந்தமாட்டார். வண்டியில் ஒரு புட்டி இருக்கும். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. வீட்டில் எல்லோரையும்போலப் பேசுகிறவர், பணிக்கு வந்ததும் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார். அவருடைய தனி வழக்கம் ஒன்று உண்டு. கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குமுன், படிவத்தில் உள்ளவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசித்துக் காட்டுவார். பிற அலுவலர்கள் விரலால் இடத்தைக் காட்டி, 'இங்க போடு' என்பார்கள். இவர் வாசிப்பார். கேட்பவர்கள் பூசை மந்திரம் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள். புரிந்துதான் தலையாட்டுகிறார்கள் என்று அவர் கருதினார்.

மாதிரி எடுக்கும் முறையை இங்கே சொல்லவேண்டும். எடுத்த பொருளை நான்கு சம பங்காக்குவோம். ஒவ்வொரு பங்கையும் உலர்ந்த கொள்கலத்தில் இட்டு, கெட்டித் தாளால் சுற்றி, மேல் அதிகாரியின் கையொப்பம் உள்ள சீட்டை அடி முதல் முடி வரை ஒட்டுவோம். கடைக்காரரின் கையெழுத்துப் பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழும்படி வாங்குவோம். பிறகு நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலும் கீழும் இரு பக்கமும் அரக்கு முத்திரை வைப்போம். அரக்கை உருக்குவது என் வேலை. மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, மெழுகுவத்தியை உள்ளங்கையால் மறைத்து, முடிச்சின் மீது சொட்டு விழுந்த கணத்தில் முத்திரையை அழுத்தவேண்டும். முந்தினால் ஒட்டிக்கொள்ளும், பிந்தினால் பதியாது. முத்திரை வைத்தபின் அந்தப் பொதியை ஆய்வகத்தைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. திறந்தால் அதுவே குற்றம்.

இத்தனையும் ஒரு சாட்சியின் முன்னிலையில் நடக்கவேண்டும். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் அதுதான் முடியாத காரியம். ஒருவர் மற்றவருக்கு மாமனாக, மச்சானாக, பங்காளியாக இருக்கும் ஊரில், பக்கத்துக் கடைக்காரனுக்கு எதிராக யார் கையெழுத்துப் போடுவார்? "அவன் மொகத்துலதானே சார் நாளைக்கு முழிக்கணும்" என்று நகர்ந்துவிடுவார்கள். தேநீர்க் கடை நடத்தும் ஒருவர், எங்கள் வண்டி வரும் ஓசை கேட்டதுமே வலது கையில் துணியைச் சுற்றிக்கொள்வார். "கையி சுளுக்குங்க, பேனா பிடிக்க முடியல" என்பார். அதே கையால் தேநீரை முழ உயரத்துக்கு ஆற்றுவார். சாட்சி கிடைக்காத இடங்களிலெல்லாம் நானே சாட்சியாகக் கையெழுத்திட்டேன். சட்டம் எதிர்பார்த்த பொதுமக்கள் பல ஆண்டுகளாக அந்த வட்டாரத்தில் நான் ஒருவனே.

இனி, கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஒருமுறை அந்தச் சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் விழிப்புணர்வு முகாம் நடத்தினோம். கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீரை நான் பிடித்துக்கொண்டு நிற்க, ஞானப்பிரகாசம் மிளகாய்த்தூளை அதில் தூவினார். நல்ல தூள் மேலே மிதந்து மெல்ல இறங்கும். சாயம் கலந்த தூளோ சிவப்பு நூல்போலக் கோடு கோடாக விரைந்து இறங்கும். "இவ்வாறு கண்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்; தெரிவிப்பது உங்கள் உரிமை" என்று சொல்லி, எண் அச்சிட்ட துண்டறிக்கையை எல்லோருக்கும் வழங்கினார். அந்த அறிக்கைகள் மறுநாள் வடை மடிக்கும் என்பதே எங்கள் வழக்கமான அனுபவம்.

ஆனால் அவ்வூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த கருப்பையா அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தியிருந்தார். சில மாதங்களுக்குப் பின் ஒரு முற்பகலில் பேருந்து ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சரம் மிளகாய்த்தூள் பொட்டலம்.

"சார், புஷ்பம்னு ஒரு பொம்பள, கூலி வேலைக்குப் போற ஆளு. எங்கிட்டதான் அஞ்சு ரூவாப் பொட்டலம் வாங்கும். நேத்து வந்து, என்னண்ணே தூளு குடுத்த, சட்டிய வெளக்க வெளக்கச் செவப்பு போகலங்குது. நீங்க செஞ்சு காட்டுன மாதிரியே தண்ணியில போட்டுப் பாத்தேன். கோடு கோடா எறங்குது. சின்னப் புள்ளைக சாப்புடுற வீடு சார் அது."

ஞானப்பிரகாசம் எழுந்து நின்று அவருக்கு நாற்காலியைக் காட்டினார். கடைக்காரர் ஒருவர் தம் கடைச் சரக்கைப் பற்றித் தாமே வந்து புகார் சொன்னதை, அவரும் நானும் அதற்குமுன் கண்டதில்லை. விழிப்புணர்வு முகாம் ஒன்று பலன் தந்தது அந்த ஒரே முறைதான்.

மறுநாள் வண்டியில் போகும்போது நான் கேட்டேன்: "சார், தானா வந்து சொன்ன மனுசனாச்சே. அவரு கடையிலயேவா மாதிரி எடுக்கணும்?"

"அவர் கொண்டுவந்த பொட்டலம் சான்றாகாது. விற்கும் இடத்தில் முறைப்படி எடுத்தால்தான் வழக்கு நிற்கும். சட்டத்தில் விற்றவர் உண்டு, வாங்கியவர் உண்டு; தாமாக வந்து சொன்னவர் என்று ஓர் இனம் இல்லை. அவரிடம் பில் இருந்தால் போதும். அவர் விடுபடுவார், தயாரித்தவர் சிக்குவார். பில் இல்லாமலா இருக்கும்?"

கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஒளிவதற்கு மாறாக, வரவேற்கக் கூடியிருந்தது. கருப்பையாவின் மனைவி வாசல் தெளித்திருந்தார். அடுத்த கட்டடத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்த செல்வம், கையில் கிரீசோடு வந்து நின்றார். அவர் கருப்பையாவின் தங்கையை மணந்தவர். இருவரும் மச்சான் மாப்பிள்ளை என்பதற்கு மேல் நண்பர்கள்.

"என்ன மச்சான், ஒங்க கடைக்கு ரெய்டாமே? எங்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்க தங்கத்த?"

"போடா மாப்ள. வெவகாரம் புரியாமப் பேசாத. கம்பெனிக்காரனப் புடிக்கப் போறாங்க."

மிளகாய்த்தூள் சரங்களைக் கருப்பையா ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, விற்காமல் கல்லாவுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார். ஞானப்பிரகாசம் சாக்கைப் பார்த்தார்.

"மாதிரி, விற்பனைக்கு வைக்கப்பட்ட பொருளிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். இது விற்பனைக்கு உரியதா, அன்றா?"

கருப்பையா சற்று யோசித்தார். விற்பதற்கு அன்று என்று சொன்னால் எல்லாம் வீணாகிவிடும் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். சாக்கை அவிழ்த்து, சரங்களை எடுத்து, கண்முன்னே பழைய ஆணியில் மாட்டினார்.

"விக்கத்தான் சார் வச்சிருந்தேன். இந்தா, இங்கதான் தொங்கும். எழுதிக்கங்க."

"நீங்கள் சொல்வதன் பொருள் உங்களுக்குத் தெரியுமல்லவா?"

"தெரியாமயா சார். கேசு நிக்கணும்ல?"

ஞானப்பிரகாசம் பேனாவின் மூடியைக் கழற்றியபடி சிறிது நேரம் நின்றார். பிறகு எழுதத் தொடங்கினார். எடுக்கும் மாதிரிக்கு விலை கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும் என்பது விதி. கருப்பையா பின்வாங்கினார். "நாங்களே கூப்புட்டு நாங்களே காசு வாங்குறதா? நல்லாருக்கு சார்." விதியைச் சொல்லி வற்புறுத்தியபின், கூச்சத்தோடு வாங்கி, கண்ணில் ஒற்றாமல் கல்லாவில் போட்டு, கையெழுத்திட்டார். கடைக்காரர் அலுவலருக்கே விற்றார் என்பதற்கு அந்தக் கையெழுத்து சான்று.

சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டது. நான் வழக்கம்போலச் சட்டைப்பையில் பேனாவைத் தொட்டேன். அதற்குள் செல்வம் கிரீசைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க எதுக்குண்ணே, வெளியூரு ஆளு. எங்க மச்சான் விசயத்துக்கு நாங்க போடாம யாரு போடுவா? குடுங்க இங்கிட்டு."

கூட்டத்தில் ஒருவர், "பாத்துப் போடுறா, சொத்துப் பத்திரமா இருக்கப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கருப்பையாவும் சிரித்தார். உறவினன் கையெழுத்துப் போட முன்வந்ததை நான் அந்த வட்டாரத்தில் கண்டது அன்றுதான். ஞானப்பிரகாசம் தம் வழக்கப்படி அறிவிப்பு முழுவதையும் உரக்க வாசித்தார். ஆய்வின் முடிவுக்கேற்ப விற்பனையாளர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படலாம் என்ற வரியும் அதில் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். செல்வம், முழுப் பெயரையும் தந்தை பெயரையும் எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

பொட்டலங்களைப் பிரிக்காமலே நான்கு பங்காக்கி, தாள் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தேன். அன்று முத்திரைகள் எல்லாம் எழுத்துத் தெளிவாகப் பதிந்தன. ஞானப்பிரகாசம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து நிறைவடைந்தார். அதன் பிறகுதான் கேட்டார்:

"இதை வாங்கியதற்கான பில்லைக் காட்டுங்கள்."

"பில்லா? லைன் வண்டிக்கு ஏது சார் பில்லு?"

நகரத்தில் இருப்பவர்களுக்காக இதை விளக்கவேண்டும். சிற்றூர்க் கடைகளுக்குப் பொருள்கள் லைன் வண்டி எனப்படும் சரக்கு வண்டியில் வரும். வாரம் ஒருநாள் வண்டி வந்து நிற்கும்; ஓட்டுநரே விற்பனையாளர். என்ன வேண்டும் என்று கேட்டு இறக்கிப் போடுவார். போன வாரக் காசை வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் பில் கேட்பது அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதாகும். அப்படிக் கேட்ட கடைக்கு வண்டி அடுத்த வாரம் நிற்காது. வண்டி நிற்காத கடையில் சோப்பும் இராது, தீப்பெட்டியும் இராது. எங்கள் வட்டாரத்துப் பலசரக்குக் கடைகள் அந்த நம்பிக்கையின் மீதுதான் நிற்கின்றன.

"வியாழக்கெழம வாங்க சார், ஆளையே காட்டுறேன். மூர்த்தின்னு பேரு. நல்ல பய" என்றார் கருப்பையா.

ஞானப்பிரகாசம் பொதிகளைப் பார்த்தார். அரக்கு ஆறி இறுகியிருந்தது.

வியாழக்கிழமை நாங்கள் காத்திருந்தோம். வண்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்தச் சாலைக்கே வரவில்லை. ஞானப்பிரகாசம் ஊர் ஊராகச் சென்று மொத்த வியாபாரக் கடைகளில் விசாரித்தார். மூர்த்தி என்று ஒருவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பொட்டலத்தில் நிறுவனத்தின் முகவரி, உரிம எண், தயாரித்த நாள் எல்லாம் குறையின்றி அச்சிடப்பட்டிருந்தன. ஆய்வகம், தூளில் அனுமதிக்கப்படாத சாயம் இருக்கிறது, உண்ணத்தக்கதன்று என்று அறிக்கை அனுப்பியது. நிறுவனத்துக்கு எழுதினோம். அவ்வூரில் தங்களுக்கு விற்பனையாளர் எவரும் இல்லை, தங்கள் பெயரில் யாரோ போலி செய்திருக்கலாம், விற்றதற்குப் பில் இருந்தால் காட்டுக என்று வழக்கறிஞர் வழியே மறுமொழி வந்தது.

உண்ணத்தகாத பொருள் என்று அறிக்கை வந்துவிட்டால் வழக்குத் தொடுப்பதைத் தவிர அலுவலருக்கு வேறு வழி இல்லை. ஞானப்பிரகாசம் தம்மால் இயன்ற ஒன்றைச் செய்தார். படிவம் கேட்காத ஒரு வரியைத் தம் அறிக்கையின் இறுதியில் சேர்த்தார். இச்சரக்கின் மீது ஐயம் கொண்டு கடைக்காரரே தாமாக முன்வந்து தெரிவித்தார் என்பது அந்த வரி. அதை என்னிடம் வாசித்துக் காட்டி, "இது அவரைக் காப்பாற்றும்" என்றார்.

அழைப்பாணை கிடைத்த அன்று கருப்பையா அலுவலகத்துக்கு வந்தார். தாளில், குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் முதல் எதிரி என்ற இடத்தில் தம் பெயரைக் காட்டினார்.

"சார், இதுல மாத்தி எழுதிட்டாங்க போலருக்கு. நான்தானே புகார் குடுத்தவன்?"

ஞானப்பிரகாசம் விளக்கினார். பொறுமையாக, முதலிலிருந்து, எழுத்துத் தமிழில் விளக்கினார். கருப்பையா இம்முறை தலையாட்டவில்லை.

வழக்கு பல வாய்தாக்கள் கண்டது. கருப்பையா முதல் எதிரி; நிறுவனம் இரண்டாம் எதிரி. செல்வம் அரசுத் தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறிய செல்வத்திடம், மாதிரி எடுக்கப்பட்டதைக் கண்டீரா, கையெழுத்து உம்முடையதா என்று கேட்டார்கள்.

"ஆமாங்க. நான்தான் போட்டேன். அவரு நல்லதுக்குத்தான் போட்டேன்."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பொட்டலம் ஆணியில் விற்பனைக்குத் தொங்கியதா?"

செல்வம் எதிரே நின்ற மச்சானைப் பார்த்தார். "தொங்குச்சுங்க" என்றார். பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். ஞானப்பிரகாசம் கருணையோடு சேர்த்த அந்த வரியைத்தான் அவர் முதலில் வாசித்தார். பொருள் தீங்கானது என்று முதல் எதிரிக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அலுவலகம் சென்று தெரிவித்திருக்கிறார், தெரிந்தே மறுநாள் கடையில் தொங்கவிட்டு விற்றுக் காசும் வாங்கியிருக்கிறார், பற்றுச்சீட்டு இருக்கிறது, சொந்த மைத்துனரே சாட்சி. யாரிடம் வாங்கினார் என்பதற்கு மட்டும் எந்தச் சான்றும் இல்லை. இவ்வளவையும் அவர் மிகச் சுருக்கமாகச் சொல்லி அமர்ந்தார். அவர் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொய்யன்று. அதுதான் என் நெஞ்சில் இன்றும் கசந்துகொண்டிருப்பது. பொய்யால் தோற்ற வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு ஆறுதல் உண்டு.

நிறுவனம் விடுவிக்கப்பட்டது. கருப்பையாவுக்கு அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை சிறையும் என்று தீர்ப்பாயிற்று. இரக்கத்தோடு அளிக்கப்பட்ட குறைந்த தண்டனை அது என்று வழக்கறிஞர்கள் சொன்னார்கள். இருக்கலாம். சுவரோரம் இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்தார்கள். வேறு வழக்குகள் வந்தன, போயின. மாதிரிகளைத் திரும்பப் பெறும் வேலையாக நானும் அங்கேயே இருந்தேன். பிற்பகலில் அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்:

"அண்ணே, அந்தக் கம்பெனிக்காரவுக எங்க ஒக்காந்திருக்காக?"

"அவங்க அப்பவே போயிட்டாங்க."

"சரி. கலையிற வரைக்கும் நான் இருக்கணுமாக்கும்." சற்றுக் கழித்து மறுபடியும் சொன்னார்: "புஷ்பத்துக்கிட்ட பேசாம வேற தூளு குடுத்து அனுப்பியிருக்கலாம்."

வண்டியில் திரும்பினோம். ஊருக்குள் நுழையும்போது ஞானப்பிரகாசம், "நல்லதுன்னு நெனச்சுத்தான்யா எழுதுனேன்" என்றார். பணி நேரத்தில் அவர் பேச்சுத் தமிழில் பேசிக் கேட்டது அன்று ஒருமுறைதான். அதன்பின் அவர் எந்த அறிக்கையிலும் படிவம் கேட்டதற்கு மேல் ஒரு சொல் சேர்த்ததில்லை. மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குச் சென்றார். புதிதாக வந்தவர் விரலால் இடத்தைக் காட்டி, 'இங்க போடு' என்றார்.

கருப்பையாவின் கடை சில மாதங்கள் திறந்திருந்தது. அபராதம் கட்டியவர் கடை என்பதைவிட, அதிகாரிகளைக் கூட்டிவந்தவர் கடை என்பதே அதற்குக் கேடாயிற்று. எந்தச் சரக்கு வண்டியும் அங்கே நிற்கவில்லை. ஒருநாள் கதவு மூடியது. அவர் செங்கல் சூளைக்குக் கணக்குப் பார்க்கப் போனார்.

செல்வத்தைப் பேருந்து நிலையத்தில் ஒருமுறை சந்தித்தேன். அவர் மகளுக்குக் காதுகுத்து முடிந்திருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தவேண்டும். அந்த மாமன் கருப்பையா.

"தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போயிக் கூப்புட்டேண்ணே. வாரேன் மாப்ளன்னுதான் சொன்னாரு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாரு. அப்புறம், சாட்சிக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கன்னாரு."

"வந்தாரா?"

"வரல. எங்க சித்தப்பா மடியில வச்சுத்தான் குத்துனோம். என் பொண்டாட்டி அன்னைக்கு முழுக்கப் பந்தல்ல யாருக்கும் எலை போடல, அடுப்படியிலேயே இருந்துட்டா." பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை. "நான் வேற யாருக்கும் கையெழுத்துப் போட்டதில்லண்ணே. இவருக்கு மட்டும்தான் போட்டேன்."

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, அதே சமுதாயக் கூடத்தில் மீண்டும் முகாம் நடந்தது. மீண்டும் நான் குவளையைப் பிடித்தேன். புதிய அலுவலர் தூளைத் தூவினார். சிவப்புக் கோடுகள் இறங்கின. "இந்த மாதிரி பாத்தா என்னம்மா செய்வீங்க?" என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு பெண் எழாமலே பதில் சொன்னார். கருப்பையாவின் தங்கை, செல்வத்தின் மனைவி.

"அடுப்புல போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருப்போம் சார்."

கூட்டம் சிரித்தது. அலுவலரும் சிரித்தார். பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டதாக அறிக்கை அனுப்பப்பட்டது. திரும்பும் வழியில், கருப்பையாவின் கடை இருந்த இடத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த கடையைப் பார்த்தேன். வேறு பெயர் அச்சிட்ட மிளகாய்த்தூள் சரம் ஆணியில் தொங்கியது. அதன் நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். மாதிரி எடுக்காத பொருளைப் பற்றிக் கருத்துரைக்க எனக்கு உரிமை இல்லை. எடுத்தால் அக்கடைக்காரர் முதல் எதிரி ஆவார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் பேசச் சொல்லியிருந்தால் ஒன்றுதான் சொல்லியிருப்பேன். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே, தாமாக வந்து சொன்னவர் என்று ஓர் இனத்தைச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். அவருக்கு ஒரு நாற்காலி போடவேண்டும். அது இல்லாதவரை, வரைபடத்தின் பச்சை எதைக் காட்டுகிறது என்பதை அந்த ஊர்ச் சமையற்கட்டுகளில்தான் போய்க் கேட்கவேண்டும்.

தம்பி, அந்த வட்டாரத்தில் புகார் வராமல் இருக்க நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டீர்கள். வந்து சொன்ன ஒருவரை, நடைமுறையில் ஓர் எழுத்தும் பிசகாமல், மாலை வரை நீதிமன்றப் பெஞ்சில் உட்கார வைத்தோம். அது போதுமானதாக இருந்தது. மற்ற இடங்களிலும் செய்யலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் செய்யலாம். அதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. இருக்கிற சட்டமே போதும்.